பெற வரவில்லை

நூற்றுப் பன்னிரண்டாம் தாளில் ஒரு துளை.
நூற்றுப் பதினான்கிலும் அதே இடத்தில்
அதே துளை.
நடுத்தாளில் இல்லை.

ராமபாணம் அந்தப் பூச்சிக்குப் பேர்.
ஏழு மராமரத்தை ஒரே கணையில் துளைத்த
பேரை வைத்துக்கொண்டு
ஒரு தாளை மட்டும் அது சுற்றிக்கொண்டா போயிருக்கும்?

பாளையங்கோட்டை ஆவண அறை. மதியம் இரண்டு.
மின்விசிறி பேருக்குத் தொங்குகிறது.
மருதவல்லிக்குளத்து மடைமுறைப் பதிவேடு,
வருஷம் 1869,
என் முன்னால் முதுகெலும்பு விட்டுக் கிடக்கிறது.

மேலூர் குத்தாலிங்கம் என் கட்சிக்காரர்.
எதிர்த்தரப்பு பூலுடையார்.
வழக்குக்கு நாற்பத்திரண்டு வயது,
எனக்கு முப்பத்தொன்பது.
இடையில் ஒரு தோப்புத் தீ, இரண்டு அரிவாள் வெட்டு,
மூன்று வக்கீல்கள் செத்துப்போனார்கள், வயதாகித்தான்.
கார் சாகுபடிக்கு எந்த ராத்திரி யார் வயலுக்குத் தண்ணீர்?
ஆறு ராத்திரிக்குச் சண்டையே இல்லை.
புதன் ராத்திரிதான்.
அது இருக்கிற தாள் நூற்றுப் பதிமூன்று.
அதில் ஒரே சொல்: பொது.
மடையில் அதற்கு அர்த்தம்
கம்பு வைத்திருக்கிறவனுக்கு.

"யாரு மாத்தியிருப்பா?"
நயினார் கண்ணாடியைத் துடைத்தார்.
"நான் வந்து ஆறு வருஷந்தான் மேடம்.
இது என்னைவிட மூத்த களவு."

அன்று ராத்திரி எட்டரைக்கு ஒரு போன்.
பூலுடையார் வீட்டு ஆள்:
"அந்தத் தாளைக் கிண்டாதீய."
ஒன்பது மணிக்கு இன்னொன்று.
என் கட்சிக்காரரே:
"அந்தத் தாளைக் கிண்டாதீய."

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை
நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.
நாற்பத்திரண்டு வருஷத்தில்
இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் வாக்கியம்.

மறுநாள் நான் பதிவேட்டைத் தொடவில்லை.
யாரும் தேடாத ஒன்றைக் கேட்டேன்:
மனுப்போட்டு, வாங்க வராத நகல்கள்.
மேல்தட்டில் சாக்குமூட்டை. பல்லி முட்டை. எலிப் புழுக்கை.
சணல் அவிழ்த்ததும் தும்மல்,
பிறகு ஊதா முத்திரை,
பிறகு அவள்.

வெயிலுகந்தாள், சங்கையா மனைவி,
ஓடைக்கரைக் குடியிருப்பு.
நூற்றுப் பதிமூன்றாம் தாளின் நகல்.
எழுதியவர் கையெழுத்து, ஒப்பிட்டவர் கையெழுத்து.
தயாரான தேதி 1961 மே பத்து.
"புதன் அஸ்தமனம் முதல் விடியும்வரை
ஓடைக்கரையாருக்கு. இதில் மேலூருக்கும் கீழூருக்கும்
பாத்தியதை இல்லை."
ஓரத்தில் சிவப்பு மையில்:
பெற வரவில்லை.

வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.
வழக்குக் கட்டில் ஒரு இடத்தில்கூட
அந்தக் குடியிருப்பின் பேர் இல்லை.

அம்பாசமுத்திரம் போனேன். மரணப் பதிவேட்டை வாங்கினேன்.
1961 மே ஒன்பது.
வெயிலுகந்தாள், வயது முப்பத்து நான்கு.
மருதவல்லிக்குளத்தில் தவறி விழுந்து
நீரில் மூழ்கி.

நீரில்.

பொதுப்பணித்துறை நீர்மட்டப் புத்தகம் அடுத்த கட்டடம்.
அதே மாதம், அதே குளம்.
மடைக்காரன் எழுத்து கோழி கிளறினதுபோல இருந்தது,
ஆனால் படிக்க முடிந்தது:
ஏப்ரல் இருபது முதல் குளம் வறட்சி.
உள்ளே ஆடு மேய்கிறது.

பேருந்தில் திரும்புகையில்
ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் கூடவே ஓடி வந்தது.
அன்று என்ன கிழமை என்று
நடத்துனரிடம் கேட்டேன்.
சீட்டிலேயே போட்டிருக்கு என்றார்.

சாயங்காலம் வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
குத்தாலிங்கம் ஒன்றும் கேட்கவில்லை.
என் ஸ்கூட்டரின் நம்பரை மட்டும்
மெல்ல வாய்விட்டுப் படித்தார்.

ஓடைக்கரையில் இருபத்தொரு வீடு.
அவள் மகன் வழியில் ஒருத்தன் இருக்கிறான்,
கல்லிடைக்குறிச்சியில் மோட்டார் கட்டுகிறவன்.
கிரீஸ் கையோடு வந்து
ஆவண அறை வாசலில் நிற்கிறான், எங்கே நிற்பது என்று தெரியாமல்.

நயினார் பேரேட்டைத் திருப்பிவைத்தார்.
பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற கட்டம்
அறுபது வருஷத்துக்கு மேல் வெள்ளையாகவே கிடந்திருக்கிறது.
அவன் பேனாவை எடுத்தான்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி," என்றார் நயினார்.
"ஒண்ணே முக்கால் ரூபா
பாக்கி நிக்கி."